மென்பொருள் கோடு மாறுகிறது, ஆவணம் மாறுவதில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சிறிய பைத்தான் லைப்ரரியை ஓப்பன் சோர்ஸாக நடத்துகிறோம். ஆவணங்கள், கோடு வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தின் விக்கியில் இருக்கின்றன. பாதிப் பக்கங்கள் பழைய வெர்ஷனுக்கு எழுதியவை. புதியவர்கள் அதைப் பார்த்துச் செய்து, பிழை வந்ததும் இஷ்யூ (பிழைப் புகார்) போடுகிறார்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத ஒருவரை ஒதுக்கலாமா?

பதில்: வேண்டாம். எவ்வளவு நன்றாக எழுதினாலும், விக்கியிலேயே வைத்திருந்தால் சில ரிலீஸ்களில் திரும்ப இதே நிலைக்கு வந்துவிடும். கிட்ஹப் விக்கி என்பது உங்கள் கோடு இருக்கும் ரெப்போவை (கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் இருக்கும் கிடங்கு) ஒட்டி நிற்கும் தனி கிட் ரெப்போ. ஒருவர் ஃபங்ஷனின் பெயரை மாற்றி புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்பினால், விக்கிப் பக்கம் அதில் வராது, ரிவ்யூ செய்பவர் கண்ணிலும் படாது. அப்புறம் யார் நினைவில் வைத்துத் திருத்துவது?

அதனால் விக்கியை குளோன் (நகல்) செய்து, பக்கங்களைக் கோடு இருக்கும் ரெப்போவுக்குள் ஒரு ஃபோல்டராகக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் அல்ல, இன்றைய வெர்ஷனுக்குப் பொருந்துபவை மட்டும் போதும். மற்றதைத் தயங்காமல் நீக்குங்கள். பக்கம் இல்லையென்றால் ஆள் கேட்டுத் தெரிந்துகொள்வார். தவறான பக்கம் இருந்தால், தன்மேல்தான் பிழை என்று நினைத்து மணிக்கணக்கில் தேடுவார், பலர் கேட்காமலே போய்விடுவார்கள்.

அடுத்தது ஒரு விதி. பயன்படுத்துபவருக்குத் தெரியும்படி எது மாறினாலும், ஆவணத் திருத்தமும் அதே புல் ரிக்வெஸ்ட்டில் வர வேண்டும். ஜாங்கோ என்ற பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க் திட்டத்தில் புதிய வசதி என்றால் டெஸ்ட்டும் ஆவணமும் சேர்ந்தே வர வேண்டும். அதன் ஆவணங்களுக்கு இருக்கும் நல்ல பெயருக்கு அது முக்கியக் காரணம் என்பேன். முதல்முறை பங்களிப்பவரை மட்டும் இந்த விதியைக் காட்டித் திருப்பி அனுப்பாதீர்கள். அவர் அனுமதி கொடுத்திருந்தால், அவருடைய பிராஞ்சிலேயே (அவர் மாற்றங்கள் இருக்கும் கிளை) நீங்கள் ஒரு கமிட் (பதிவு செய்த மாற்றம்) சேர்த்து முடித்துவிடலாம்.

ஆனால் மனிதர்கள் மறப்பார்கள். எடுத்துக்காட்டுகளைச் சரிபார்க்கும் வேலையை இயந்திரத்திடம் விடுங்கள். பைத்தானுடன் 2001-லிருந்தே டாக்டெஸ்ட் என்ற கருவி வருகிறது. ஆவணத்தில் >>> குறியுடன் இருக்கும் வரிகளை அது ஓட்டிப் பார்த்து, கீழே நீங்கள் எழுதிய விடையோடு ஒப்பிடும். டெஸ்ட்களை ஓட்டும் பைடெஸ்ட் கருவி வைத்திருந்தால், மார்க்டவுன் (.md) கோப்புகளையும் பார்க்கும்படி அதன் டாக்டெஸ்ட் கிளாப் (doctest-glob) அமைப்பில் சொல்லிவிட்டால் போதும். ஒரு இடத்தில் கவனம் வேண்டும்: விடைக்கும் கோடு பகுதியை மூடும் மூன்று பேக்டிக் (`) குறிகளுக்கும் நடுவே ஒரு காலி வரி விடுங்கள். இல்லையென்றால் பேக்டிக்கையும் விடையின் பகுதியாக எடுத்துக்கொண்டு, சரியான எடுத்துக்காட்டையே தவறு என்று சொல்லும். இதை சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பு) சேர்த்த நாளிலிருந்து, ஃபங்ஷன் மாறி எடுத்துக்காட்டு மாறாவிட்டால் பில்டே நின்றுவிடும். டைம்ஸ்டாம்ப் (நேரக் குறிப்பு) போல ஒவ்வொரு முறையும் மாறும் விடைகளுக்கு இது சரிப்படாது, அவற்றை விலக்கி வையுங்கள்.

ஆவணங்களை வெளியிடும் தளமான ரீட் த டாக்ஸில் வெளியிடுவதாக இருந்தால், இயல்பாகக் காட்டும் வெர்ஷனை ஸ்டேபிள் (கடைசியாக ரிலீஸ் ஆனது) என்று மாற்றுங்கள். லேட்டஸ்ட் என்பது, இன்னும் ரிலீஸ் ஆகாத மாற்றங்களும் இருக்கும் மெயின் பிராஞ்சைக் காட்டும். பைத்தானின் நிறுவும் கருவியான பிப் மூலம் நிறுவியவரிடம் இன்னும் இல்லாத வசதியை அவர் அங்கே படித்துக் குழம்புவார்.

எழுத ஆள் கிடைப்பதுதான் கடினம். 2017-இல் கிட்ஹப் நடத்திய ஓப்பன் சோர்ஸ் கணக்கெடுப்பில், முழுமையற்ற அல்லது பழைய ஆவணங்களைக் கண்டதாக 93 சதவீதம் பேர் சொன்னார்கள். ஆனால் ஆவணத்துக்கு அரிதாகவே பங்களிக்கிறோம் அல்லது பங்களிப்பதே இல்லை என்றவர்கள் பங்களிப்பாளர்களில் 60 சதவீதம். உங்களுக்கு இஷ்யூ போடும் புதியவர்கள்தான் இதற்கு ஏற்றவர்கள். எந்த வரியில் தடுமாறினோம் என்பது அவர்களுக்குத்தான் தெளிவாகத் தெரியும். பதில் சொன்ன கையோடு, அந்த ஒரு வரியைத் திருத்தி அனுப்ப முடியுமா என்று கேளுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? காலியான ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் (தனியாக ஒதுக்கிய பைத்தான் சூழல்), ரீட்மியில் (ரெப்போவின் அறிமுகக் கோப்பு) எழுதியிருப்பதை மட்டும் வரிவரியாகச் செய்து பாருங்கள். இடறும் இடங்களை அன்றே திருத்துங்கள், விக்கியை மாற்றும் வேலையை அதன்பிறகு எடுத்துக்கொள்ளலாம்.