முதலில் கல், பிறகு மீன்

கேள்வி: வீட்டில் 200 லிட்டர் கடல்நீர் மீன்தொட்டி அமைத்திருக்கிறேன். சென்னையில் தன் தொட்டியைக் கலைத்த ஒருவரிடம் 15 கிலோ லைவ் ராக் (பாக்டீரியாவும் சிறு கடலுயிர்களும் குடியிருக்கும் துளைக்கல்) வாங்கி, ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் காரில் கொண்டுவந்தேன். இன்றோடு ஒன்பது நாள். மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். அம்மோனியா 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் நான்கு பங்கு). கடைக்காரர், "நாலு டாம்சல் மீன் விடுங்கள், தானாகச் சரியாகிவிடும்" என்கிறார். கோமாளி மீன் எப்போது வரும் என்று பத்து வயது மகன் தினமும் கேட்கிறான். மீன் விடலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: விடாதீர்கள். டாம்சல் என்ற முரட்டுச் சிறு மீனும் வேண்டாம். இந்த யோசனையைக் கேட்டு என் முதல் தொட்டியில் ஐந்தாம் நாளே இரண்டு டாம்சல்களை விட்டேன். அன்று இரவு இரண்டும் நீர்மட்டத்தில் வாய் பிளந்து நின்றன. செவுள்கள் சிவந்து விரிந்திருந்தன. விடிவதற்குள் ஒன்று செத்துவிட்டது. முரட்டு மீன் என்பதால் அதற்கு எரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். கடல்நீரின் பிஎச் (அமில-கார அளவு) 8.2ஐ ஒட்டி இருப்பதால், நன்னீர்த் தொட்டியைவிட இங்கே அம்மோனியாவின் நஞ்சு பல மடங்கு கூடுதல்.

உங்கள் கல்லில் என்ன நடக்கிறது? வழியில் காற்றுப் பட்டுக் கடற்பஞ்சுகளும் புழுக்களும் இறந்திருக்கின்றன. அவை அழுகுவதுதான் நாற்றத்துக்கும் அம்மோனியாவுக்கும் காரணம். இன்றே கைவிளக்கைப் பிடித்து ஒவ்வொரு கல்லாகப் பாருங்கள். வெள்ளையாகப் பஞ்சு படர்ந்த இடமோ, தொட்டால் வழுக்கும் சாம்பல் நிறத் திட்டோ தெரிந்தால், கல்லை வெளியே எடுத்து உப்புநீர் வாளியில் வைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். முகர்ந்தும் பாருங்கள்: நல்ல கல்லில் கடற்கரை வாசம் வரும். குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள். அதிலுள்ள குளோரின், நீங்கள் காப்பாற்ற வேண்டிய பாக்டீரியாவையே கொன்றுவிடும்.

அடுத்து, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். 'மாற்றினால் பாக்டீரியா போய்விடுமே' என்று பலர் பயப்படுகிறார்கள். அவை தண்ணீரில் மிதப்பதில்லை. கல்லின் துளைகளில் ஒட்டி வாழ்கின்றன. அம்மோனியா இதற்கு மேல் ஏறினால் கல்லில் மிஞ்சியிருக்கும் உயிர்களும் போய்விடும். ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைத்து, ஒரு நாள் பம்ப் ஓடவிட்டு, அடர்த்தி 1.025 வந்த பிறகு ஊற்றுங்கள். ஸ்கிம்மரும் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) பம்புகளும் இரவும் பகலும் ஓடட்டும். விளக்கு இப்போது தேவையில்லை, பாசிதான் வளரும். திருச்சி வெயிலில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டினால் நீர்மட்டத்தின் மேல் ஒரு சிறு மின்விசிறியைத் திருப்பி வையுங்கள். ஆவியாகும் அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், உப்பு ஆவியாவதில்லை.

மீன் விட ஏன் இவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும்? குடலில் வாழும் ஈ.கோலி இருபது நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவுக்கு அரை நாள் முதல் ஒரு நாள் வரை ஆகும். அது விடும் நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட்டாக்கும் இன்னொரு கூட்டம், முன்னது உணவு தயாரித்த பிறகே தழைக்கும். அதனால் முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் சோதனை தவறாகக் கூடுதல் காட்டும், அதை நம்ப வேண்டாம். இதெல்லாம் முடியப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இடையில் கண்ணாடியில் பழுப்புப் படலம் வந்தால் பதற வேண்டாம். அது டயாட்டம் என்ற நுண்பாசி, தானே குறையும்.

நாள்காட்டியைப் பார்த்து மீன் வாங்காதீர்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமான பிறகு, 2 பிபிஎம் வருமளவு அம்மோனியம் குளோரைடு சேர்த்து, 24 மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். இரண்டும் மறுபடி பூஜ்யம் என்றால் தொட்டி தயார். பெரிய அளவில் நீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்த பின் சின்னக் கோமாளி மீன் இரண்டு விடலாம். பண்ணையில் பிறந்ததையே கேட்டு வாங்குங்கள். கோமாளி மீன் குஞ்சு வளர்க்கும் முறையை ராமேசுவரம் அருகே மண்டபம் ஊரிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையமே உருவாக்கியிருக்கிறது. கடலிலிருந்து பிடிக்க வேண்டிய அவசியமில்லை. அதுவரை தினமும் சோதனைக் குழாயின் நிறத்தைப் பார்த்து நோட்டில் எழுதும் வேலையை மகனிடம் கொடுங்கள்.

கேள்வி: கல் போதவில்லை. ராமேசுவரம் போகும்போது கரையில் ஒதுங்கும் பவளக்கல்லை எடுத்துவந்து போடலாமா?
– அதே வாசகர்

பதில்: கூடாது. பாறை அமைக்கும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளத்தை வெட்டி எடுத்து நாம் இழந்தது போதும். துளைகள் நிறைந்த செயற்கைக் கல் கடையில் கிடைக்கும். அதை உங்கள் 15 கிலோவின் பக்கத்தில் வையுங்கள்; சில மாதங்களில் பாக்டீரியா அதிலும் குடியேறிவிடும்.