முதன்முறையாகப் பெற்றோருடன் வியட்நாம் போகிறோம். பணத்தை ரூபாயாகவா, டாலராகவா, கார்டிலா கொண்டுபோவது?

டாலர் நோட்டு கொஞ்சம், வெவ்வேறு பேங்க் கார்டு இரண்டு. ரூபாய், ஊர் திரும்பியதும் டாக்சிக்கு ஆகும் அளவு இருந்தால் போதும். அங்கே ரூபாயையும் மாற்றித் தருகிறார்கள், ஆனால் டாலருக்குக் கிடைக்கிற நல்ல விலை ரூபாய்க்குக் கிடைப்பதில்லை.

போன வருடம் அம்மா, மனைவியோடு ஹோ சி மின் நகரம், ஹோய் ஆன், ஹனோய் என்று ஒன்பது நாள் சுற்றிவிட்டு வந்தேன். நீங்களும் பெரியவர்களை அழைத்துப் போவதால் எங்களுக்கு நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

இறங்கிய இடத்திலேயே மாட்டிக்கொண்டோம். விமான நிலையத்தில் அந்த ஊர் சிம் வாங்கிப் போட்டு, நம் சிம்மைக் கழற்றிப் பர்சில் வைத்துவிட்டேன். அப்புறம் ஏடிஎம்மில் கார்டைப் போட்டால் பணம் வரவில்லை. 2020 அக்டோபரிலிருந்து புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடைகளிலும் மட்டும்தான் வேலை செய்யும், வெளிநாட்டுக்கு நாம்தான் திறந்துவிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கிளம்பும் முன்பே திறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். ஆனால் பேங்க் ஆப்பில் கடை மெஷினுக்கு ஒரு பட்டன், ஏடிஎம்முக்கு ஒன்று, ஆன்லைனுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கிறது. நான் திறந்தது கடைக்கு மட்டும். சரி, இப்போது திறக்கலாம் என்றால், பதிவு செய்த சிம் போனில் இல்லை என்று ஆப் உள்ளேயே விடவில்லை.

அம்மாவின் வளையலில் எப்போதும் ஒரு சின்ன ஊக்கு தொங்கும். அதை வாங்கி சிம் தட்டைத் திறந்து, பழைய சிம்மைப் போட்டு, எஸ்எம்எஸ் வரும்வரை காத்திருந்து, பட்டனைத் தட்டிப் பணம் எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. இரவு பதினொரு மணி. அம்மா ட்ராலியைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அதனால் நம் சிம்மை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். ரோமிங் போட்டு அது பாட்டுக்கு இருக்கட்டும், நெட்டுக்கு இரண்டாவது சிம்மோ இ-சிம்மோ போதும். கார்டின் மூன்று பட்டனையும் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்துவிடுங்கள்.

டாலரை ஊரிலேயே, உரிமம் உள்ள இடத்தில் வாங்குங்கள். பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் கேட்பார்கள். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் என்றால் ரொக்கமாக வாங்கமாட்டார்கள், கணக்கிலிருந்துதான் அனுப்ப வேண்டும். ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாக எடுத்துப் போகலாம், உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. நூறு டாலர் நோட்டாகவே கேளுங்கள், சின்ன நோட்டுக்கு அங்கே விலை குறைத்துத்தான் தருவார்கள். மை பட்டது, ஓரம் கிழிந்தது இருந்தால் வாங்கும் இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வியட்நாமில் எங்கள் நோட்டு ஒன்றை மடிப்பில் லேசாகக் கிழிந்திருக்கிறது என்று வாங்க மறுத்துவிட்டார்கள். அங்கே மாற்றும்போதும் பேங்க் அல்லது உரிமம் உள்ள கவுண்டராகப் பாருங்கள். நகைக்கடைகளிலும் மாற்றுகிறார்கள், ஆனால் எல்லாக் கடைக்கும் அனுமதி கிடையாது.

இனி அந்த ஊர் நோட்டு. ஒரு லட்சம் டாங் என்றால் நம் பணத்தில் சுமார் 340 ரூபாய். கடைக்காரர் விரலை விரித்து ‘ஐம்பது’ என்று காட்டினால் அது ஐம்பதாயிரம், ஆயிரத்தைச் சொல்லாமலேயே பேசுவார்கள். இதெல்லாம் ஒரு நாளில் பழகிவிடும். பழகாதது நிறம். 20,000 டாங் நோட்டும் நீலம், 500,000 நோட்டும் நீலம். முதலாவது எழுபது ரூபாய்க்குக் கிட்ட, மற்றது ஆயிரத்து எழுநூறு ரூபாய். இரண்டிலும் அந்த நாட்டுத் தலைவராக இருந்த ஹோ சி மின்னின் ஒரே முகம். ஹோய் ஆனில் சாயங்கால வெளிச்சத்தில் இளநீர் வாங்கி இருபதாயிரம் என்று நினைத்து நான் நீட்டியது ஐந்து லட்சம். இளநீர் விற்ற பெண்மணி தலையை ஆட்டி, என் கையிலேயே திருப்பி வைத்து, பர்சைச் சுட்டிக் காட்டினார். அவரை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

அன்று ராத்திரி ரூமில் அம்மா எல்லா நோட்டையும் கட்டிலில் பரப்பிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அந்தச் சைபர்கள் பிடிபடவில்லை, படம் பிடிபட்டது. இருபதாயிரத்தில் ஹோய் ஆனின் பழைய ஜப்பானியப் பாலம், அன்று காலையில்தான் அதைப் பார்த்திருந்தோம். ஐந்து லட்சத்தில் ஹோ சி மின் சிறு வயதில் இருந்த ஓலை வீடு. இரண்டு லட்சத்தில் ஹா லாங் விரிகுடா. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ‘பாலம் எடு’, ‘வீட்டைத் தொடாதே’ என்றுதான் பேச்சு. வீட்டு நோட்டுகள் தனி உறையில் பெட்டிக்குள், அன்றாடச் செலவுக்கானவை அம்மாவின் சுருக்குப்பையில். மீதி ஆறு நாளும் ஒரு தவறும் நடக்கவில்லை. பெரியவர்களிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள், அவர்களுக்கும் சந்தோஷமாக இருக்கும்.

கார்டு ஓட்டலுக்கும் பெரிய கடைக்கும்தான். பெரும்பாலான நம் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கூடுதலாக எடுத்து, அதன்மேல் ஜிஎஸ்டியும் போடுவார்கள். முப்பதாயிரம் ரூபாய் ஓட்டல் பில்லுக்கு 1,239 ரூபாய் அப்படியே போகும். இது இல்லாத கார்டுகளும் கிடைக்கின்றன, நேரம் இருந்தால் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மெஷினில் ரூபாயிலா டாங்கிலா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு டாங் என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் பழகிய கணக்காகத் தெரியும், ஆனால் மாற்று விலையை அவர்கள் ஏற்றி வைத்திருப்பார்கள். ஏடிஎம்மில் டெபிட் கார்டு மட்டும், கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி. இரண்டு கார்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

தெருக்கடை எல்லாவற்றிலும் க்யூஆர் அட்டை தொங்கும். அது அந்த ஊர் பேங்க் கணக்கு உள்ளவர்களுக்கானது, நாங்கள் போனபோது நம் யுபிஐ எங்கேயும் எடுக்கவில்லை. ஆகவே மார்க்கெட், படகு, இளநீர் எல்லாவற்றுக்கும் நோட்டுதான்.

கடைசி நாளுக்கு முன்பே மீதி டாங்கைச் சாப்பாட்டிலோ காப்பித்தூளிலோ தீர்த்துவிடுங்கள். நான் மிச்சம் கொண்டுவந்ததைத் திருச்சியில் கேட்ட இரண்டு இடத்திலும் வாங்கவில்லை. மிஞ்சிய டாலருக்குக் கவலையில்லை, 2,000 டாலர் வரை அடுத்த பயணத்துக்கு வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.