இரண்டாவது கிராஃபிக்ஸ் கார்டு போடலாமா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில் கல்யாணம், காவடித் திருவிழா வீடியோக்களை எடிட் செய்கிறேன். டைட்டில் அனிமேஷனுக்கு பிளெண்டர் சாஃப்ட்வேர். பி550 மதர்போர்டு, ரைசன் 5 5600 ப்ராசஸர், 12 ஜிபி மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 650 வாட் பவர் சப்ளை வைத்திருக்கிறேன். இதே கார்டு இன்னொன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது. போட்டால் வேகம் இரட்டிப்பாகுமா? பையனின் கேமும் வேகமாகுமா?

பதில்: கேம் வேகமாகாது. இரண்டு கார்டை இணைத்துக் கேம் ஓட்டும் எஸ்எல்ஐ முறைக்குப் புதிய டிரைவர் ப்ரொஃபைல் (ஒவ்வொரு கேமுக்குமான அமைப்பு) தருவதை, கார்டின் சிப்பைத் தயாரிக்கும் என்விடியா 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. 3060-இல் அதற்கான இணைப்பு முனையே இல்லை. பையனுக்காக என்றால் இருப்பதை விற்றுவிட்டு, பெரிய கார்டாக ஒன்றே வாங்குங்கள்.

உங்கள் அனிமேஷன் வேலைக்கு நிச்சயம் உதவும். பிளெண்டரில் காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கும் (ரெண்டர் செய்யும்) பகுதியான சைக்கிள்ஸின் செட்டிங்கில் இரண்டு கார்டையும் டிக் செய்தால், கனமான காட்சிகளின் ரெண்டர் நேரம் ஏறக்குறைய பாதியாகும். ஆனால் மெமரி அதிகரிக்காது. முழுக் காட்சியும் ஒவ்வொரு கார்டிலும் தனித்தனியாக ஏறும் என்பதால், 12 ஜிபிக்குள் அடங்காத காட்சி அப்போதும் அடங்காது. எடிட்டிங் டாவின்சி ரிசால்வ் சாஃப்ட்வேரில் என்றால், பல கார்டு வசதி கட்டணப் பதிப்பான ஸ்டூடியோவில்தான் உண்டு.

பெரும்பாலான பி550 போர்டுகளில் கார்டு செருகும் இரண்டாவது நீள ஸ்லாட், ப்ராசஸரோடு நேராக இணையாமல் போர்டின் சிப்செட் வழியாக நான்கு லேனில் (டேட்டா போகும் பாதையில்) தான் ஓடும். ரெண்டருக்கு அது போதும். இடம்தான் பிரச்சினை. அந்த ஸ்லாட் அடியில் இருந்தால், தடிமனான கார்டு போர்டின் கீழ் ஓரத்தில் இருக்கும் யுஎஸ்பி, பவர் பட்டன் ஒயர்களின் மேல் உட்காரும். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். மேல் கார்டின் ஃபேனுக்குக் கீழே விரல் நுழையும் இடைவெளியாவது வேண்டும், இல்லாவிட்டால் டர்பன் கோடையில் அது சூட்டில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 எஸ்எஸ்டி இருந்தால் அந்த ஸ்லாட் வேலை செய்யாது, மேனுவலைப் பாருங்கள்.

அப்புறம் பவர். கார்டுக்கு 170 வாட் வீதம் 340, ப்ராசஸருக்கு 90, மற்றதெல்லாம் சேர்த்தால் 500-ஐ நெருங்கும். 650 கணக்குப்படி தாங்கும். ஆனால் கார்டுகள் நொடிக்கும் குறைவான நேரத்துக்கு மிக அதிகமாக இழுக்கும், மணிக்கணக்கில் ரெண்டர் ஓடும் மெஷினில் நான் 850 வாட்தான் போடுவேன். ஒவ்வொரு கார்டுக்கும் பவர் சப்ளையிலிருந்து தனி கேபிள் கொடுங்கள், ஹார்டு டிஸ்குக்கான சாட்டா கேபிளைக் கார்டுக்கு மாற்றித் தரும் கன்வெர்ட்டர் வேண்டவே வேண்டாம். பழைய மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டக்கூடிய) பவர் சப்ளையின் கேபிளைப் புதியதில் மாட்டாதீர்கள். முனை பொருந்தினாலும் உள்ளே பின்களின் வரிசை மாறியிருக்கலாம், அப்படியானால் கார்டு எரிந்துவிடக்கூடும்.

லோட் ஷெடிங்குக்கு யுபிஎஸ் வைத்திருந்தால் அதன் விஏ எண்ணை நம்பாமல் வாட் எண்ணைப் பாருங்கள். 650 விஏ என்று எழுதியிருப்பவை பல 360 வாட்தான் தரும், ரெண்டர் நடுவில் கரண்ட் போனால் யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணைந்துவிடும்.

கடைசியாக, அந்தச் செகண்ட் ஹேண்ட் கார்டு. கடற்காற்றில் இருந்த கார்டு என்றால் பின்தகட்டிலும் ஸ்க்ரூவிலும் துரு ஏறியிருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். விற்பவர் முன்னாலேயே அரை மணி நேரம் முழு லோடில் ஓடவிட்டு, படம் சிதறாமல், ஃபேன் கரகரக்காமல் இருந்தால் மட்டும் பணம் கொடுங்கள்.