இணை சேர்ந்த பிறகே பிரிவு: குன்றல் பகுப்பு பற்றிய கேள்வி பதில்

காரைக்குடியில் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், குன்றல் பகுப்பு (மியாசிஸ்), அதாவது விந்தணு, முட்டை போன்ற இனப்பெருக்கச் செல்கள் உருவாகக் குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவு பற்றிச் சுற்றூர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு விடை தருகிறேன்.

கேள்வி (பள்ளத்தூர், பதினொன்றாம் வகுப்பு மாணவி): குன்றல் பகுப்பில், மரபுப் பண்புகளைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் ஒருமுறைதான் இரட்டிக்கின்றன, செல் மட்டும் ஏன் இருமுறை பிரிகிறது? எண்ணிக்கை எப்போது பாதியாகிறது, ஐயா?

பதில்: முதல் பகுப்பிலேயே பாதியாகிவிடுகிறது. மனித செல்லில் தாய்வழி 23, தந்தைவழி 23 என 46 குரோமோசோம்கள் உள்ளன. இரட்டித்தபின் ஒவ்வொன்றும், சென்ட்ரோமியர் என்னும் இடுக்கில் ஒட்டிய இரு நகல் இழைகளாக (குரோமேட்டிடுகளாக) நிற்கும். உடல் வளர்ச்சிக்கான சாதாரணப் பகுப்பான மைட்டாசிஸில் 46-உம் தனித்தனியே நடுவில் வரிசை கட்டுகின்றன. குன்றல் பகுப்பிலோ, ஒத்த குரோமோசோம்கள் (ஒரே வகையின் தாய்வழிப் பிரதியும் தந்தைவழிப் பிரதியும்) ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து 23 இணைகளாக நின்று, முதல் பகுப்பின் விலகும் கட்டமான அனாஃபேஸில் எதிரெதிர்த் துருவங்களுக்கு விலகுகின்றன. ஒட்டியிருக்கும் குரோமேட்டிடுகள் பிரிவதற்காகத்தான் இரண்டாம் பகுப்பு. எந்த இணையில் எது எப்பக்கம் போகும் என்பதற்கு நியதி இல்லாததால், இதனால் மட்டுமே 83 லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்க்கைகள் அமையக்கூடும்.

கேள்வி (அதே மாணவி): இணை சேர்ந்த குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்கேற்றம், முதல் பகுப்பின் தொடக்கக் கட்டங்களில் பாக்கிட்டீனிலா, அதை அடுத்த டிப்ளோட்டீனிலா?

பதில்: பாக்கிட்டீனில். டிப்ளோட்டீனில் நீ காணும் கயாஸ்மா என்னும் குறுக்குப் பிணைப்பு அதன் தடயமே. விடைத்தாள்களில் இதைக் குழப்பியோர் பலர்.

கேள்வி (புதுவயல், விவசாயி): கொல்லையில் நிற்கும் பூவன் வாழையில் ஏன் விதை பிடிப்பதில்லை?

பதில்: பூவனில் 11 வகைக் குரோமோசோம்களும் மும்மூன்றாக, மொத்தம் 33 உள்ளன. இணை சேரும் நேரத்தில் மூன்றாவதற்குச் சரியான துணை இல்லை. ஆகவே துருவங்களுக்குச் சமமாகப் பிரிய இயலாமல், மகரந்தமும் சூலும் பெரும்பாலும் பழுதாகின்றன. பழத்தின் நடுவே தெரியும் கரும்புள்ளிகள் விதையாகாத சூல்களே. காய் கருவுறாமலே பருத்துவிடும்; வம்சம் கன்றால் தொடர்கிறது.

கேள்வி (கானாடுகாத்தான், ஒரு தாயார்): முப்பத்தைந்து வயதுக்குமேல் கருவுற்றால் குரோமோசோம் குறை வரலாம் என்கிறார்களே, ஏன்?

பதில்: வரலாம் என்பதுதான் சரி, வந்தே தீரும் என்பதில்லை, அம்மா. ஒரு பெண்ணின் முட்டைச் செல்கள், அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே முதல் பகுப்பைத் தொடங்கி, டிப்ளோட்டீனில் நின்றுவிடுகின்றன. பூப்பெய்திய பிறகு, முட்டை வெளிப்படும் வேளையில்தான் பகுப்பு மேலே நகர்கிறது. இரண்டாம் பகுப்பு விந்தணு நுழைந்தால் மட்டுமே நிறைவுறும். இத்தனை ஆண்டுக் காத்திருப்பில், குரோமோசோம்களைப் பிணைத்திருக்கும் கோஹெசின் என்னும் புரதக் கட்டு தளர்வதால், இணை பிரியாமல் ஒரே பக்கம் சென்றுவிடக்கூடும். இதற்கு எடுத்துக்காட்டான டவுன் நோய்க்குறியில் 47 குரோமோசோம்கள் இருப்பதைப் பிரெஞ்சு மருத்துவர் ஜெரோம் லெஜூன் குழுவினர் 1959-இல் அறிவித்தனர், மிகையானது 21-ஆவது.

கேள்வி (தேவகோட்டை, நகரத்தார் ஒருவர்): ஒரே குலக் கோயில், ஒரே பிரிவுப் பங்காளிகளுக்குள் நாங்கள் பெண் எடுப்பதில்லை. குரோமோசோம் கணக்கும் இதையே சொல்கிறதா?

பதில்: பாதி மட்டுமே. ஆணின் பாலினக் குரோமோசோம்களான எக்ஸும் ஒய்யும் நுனிகளில் மட்டுமே இணை சேர்வதால், ஒய்யின் பெரும்பகுதி குறுக்கேற்றமின்றித் தந்தையிடமிருந்து மகனுக்கு வருகிறது; ஆகவே பங்காளிகள் ஒரே ஒய்யை உடையோராக இருக்கலாம், வேறு கோயிலிலிருந்து சுவீகாரம் வந்தவர்களைத் தவிர. ஆனால் அது 46-இல் ஒன்று. மற்றவை தலைமுறைதோறும் கலைந்து சேர்வதால், அவற்றைப் பொறுத்தவரை சித்தப்பா மகளும் அம்மான் மகளும் ஏறக்குறைய ஒரே அளவு நெருக்கமே.