யார் முகம், யார் குரல்? யதார்த்தப் படங்கள் பற்றிக் கேள்வி பதில்

நடிகர் தேர்வுதான் என் வேலை. அது சம்பந்தமாகக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கே: அந்த வாழ்க்கையை வாழ்ந்தவரையே நடிக்க வைத்தால் போதும்தானே அக்கா?

ப: பாதி தூரம் போகும். 1948இல் 'சைக்கிள் திருடர்கள்' எடுத்த இத்தாலிய இயக்குநர் டி சிகாவுக்கு ஒரு ஹாலிவுட் தயாரிப்பாளர் பணம் தர முன்வந்தார், கேரி கிராண்ட் நடிப்பதானால். டி சிகா மறுத்துவிட்டு லம்பெர்தோ மஜ்ஜொரானி என்ற ஆலைத் தொழிலாளியை, வேலைக்குத் தவிக்கும் நாயகனாக்கினார். அந்த நடையை, அந்தத் தொங்கிய தோளை எந்த நட்சத்திரமும் கொண்டுவந்திருக்க முடியாது. படம் உலகம் சுற்றியது. மஜ்ஜொரானி ஆலைக்குத் திரும்பினார், பிறகு ஆட்குறைப்பில் வேலை போனது. போட்ட வேடம் பலித்துவிட்டது, பாவம். நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்: படப்பிடிப்பு முடிந்த மறுநாள் அவருக்கு என்ன வழி என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் யாரையும் தெருவிலிருந்து கூட்டி வராதீர்கள்.

கே: வட்டாரப் பேச்சு எல்லோருக்கும் புரியாதே, மாற்றிவிடலாமா?

ப: வேண்டாம். 1969இல் பிரிட்டிஷ் இயக்குநர் கென் லோச்சின் 'கெஸ்' படத்துக்கு அப்படித்தான் பயந்து, சில காட்சிகளின் யார்க்‌ஷயர் (வட இங்கிலாந்து) பேச்சைச் சற்று மழுக்கி டப்பிங் செய்தார்கள். இன்றைக்கு அந்தப் படத்தின் உயிரே அந்தப் பேச்சுதான்.

கே: என் கதையில் ஒரு திருநங்கை, ஒரு அகதி, ஒரு மாற்றுத்திறனாளி இருக்கிறார்கள். பன்முகத்தன்மைக்குப் போதுமா?

ப: தலையெண்ணிக்கை வருகைப் பதிவேட்டுக்கு ஆகும். அந்த மூவரில் யாராவது அடி வாங்காமல், நாயகனுக்கு உதவாமல், ஒரு காட்சி முழுக்கச் சும்மா இருக்கிறார்களா? தலை வாரிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியைக் கேலி பண்ணிக்கொண்டு? இல்லையென்றால் திருப்பி எழுதுங்கள்.

கே: வெள்ளையர் மட்டுமே நடித்த படத்துக்கு இனி ஆஸ்கர் கிடையாதாமே?

ப: வதந்தி. 2024 விருதிலிருந்து, சிறந்த படப் பிரிவுக்கு மட்டும், பன்முகத்தன்மைக்கான நான்கு தகுதிகளில் இரண்டு இருக்க வேண்டும். திரைக்குப் பின்னால் வேலை செய்பவர்களைக் கொண்டும் நிறைவு செய்யலாம்.

கே: அங்கே பிறக்காதவர் அந்த வாழ்க்கையைப் படமெடுக்கக் கூடாதா?

ப: இதைக் கேட்கும் நாலாவது ஆள் நீங்கள். கூடாது என்று நான் சொல்லவே இல்லை. பாரிஸ் புறநகரின் கறுப்பினப் பெண்களை வைத்து 2014இல் 'கேர்ள்ஹுட்' எடுத்த செலின் சியாமா வெள்ளைக்காரர். அந்தப் பெண்கள் சிரித்து ஆடும் காட்சிகள் எனக்கு மிகப் பிடிக்கும். ஆனால் அதே மாதிரிப் புறநகரை வைத்து 'லே மிசெராப்ளே' எடுத்த லாஜ் லி, தான் வளர்ந்த பாரிஸ் புறநகரான மொன்ஃபெர்மேயில், படம் வருவதற்கு முந்தைய வருடமே, 2018இல், இலவசத் திரைப்படப் பள்ளி தொடங்கினார். கேமராவும் கைமாறியது. என் ஓட்டு அவருக்கு.

கே: (அதே நபர்) அப்படியானால் சத்யஜித் ரே? கல்கத்தாக்காரர்தானே கிராமத்தை எடுத்தார்?

ப: சரியான அடி. ஆனால் 'பதேர் பாஞ்சாலி' விபூதிபூஷணின் நாவல். வங்க கிராமத்தில் வறுமையோடு வளர்ந்தவர் அவர். ரேயின் கையில் உள்ளிருந்து எழுதிய வரைபடம் இருந்தது. உங்கள் கையில் என்ன இருக்கிறது?

கே: உள்ளிருந்து வந்தவர் எடுத்தால் குறையே இராதா? லாஜ் லியின் படத்தில் பெண்கள் எங்கே?

ப: பிடித்துவிட்டீர்கள். ஓரத்தில்தான் நிற்கிறார்கள். தன் தெருவை அறிந்தவருக்கும் தன் வீட்டு அடுக்களை தெரியாமல் போகலாம். ஓட்டை மாற்றவில்லை, ஆனால் இனி கொஞ்சம் தயங்கித்தான் போடுவேன்.

கே: நிஜ மனிதர்களை நடிக்க வைத்தால் சம்பளச் செலவு குறையும்தானே?

ப: மஜ்ஜொரானியைப் பற்றி மேலே எழுதியதைப் படியுங்கள்.

கே: அந்த அழுக்கான, மங்கலான நிறம் எப்படிக் கொண்டுவருவது?

ப: ஒளிப்பதிவாளரைக் கேளுங்கள்.