பதில்: காரில்லாமல் அம்மாவுடன் ஸ்லீப்பி ஹாலோ போக முடியுமா?

தாராளமாகப் போகலாம். நியூயார்க் நகருக்கு வடக்கே, தலையில்லாத குதிரைவீரன் கதையால் பேர் பெற்ற ஊர்தான் ஸ்லீப்பி ஹாலோ. அம்மாவுக்கு முழங்கால் வலி என்கிறீர்கள், அதனால் முடிந்தால் சனிக்கிழமையை விட்டுவிட்டு வார நாளில் போங்கள். ஹாலோவீன் சமயம் என்பதால் அக்டோபர் சனி, ஞாயிறுகளில் அந்தச் சின்ன ஊர் தாங்காத கூட்டம் வரும்.

நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷனில் ஹட்சன் லைன் ரயில் ஏறி டாரிடவுனில் இறங்குங்கள். போகும்போது இடது பக்க ஜன்னல் சீட்டைப் பிடித்துவிடுங்கள், வழியில் பெரும்பாலும் ஹட்சன் ஆறுதான். ஃபிலிப்ஸ் மேனர் ஸ்டேஷன் பழைய டச்சு தேவாலயத்துக்கும் அதை ஒட்டிய ஸ்லீப்பி ஹாலோ கல்லறைத் தோட்டத்துக்கும் இன்னும் பக்கம். ஆனால் அங்கே வண்டி கிடைப்பது கஷ்டம், அம்மாவை நடக்க வைக்க வேண்டாம். டாரிடவுனிலிருந்து டாக்ஸியில் நேராக அந்தத் தேவாலயத்துக்கே போய்விடுங்கள்.

என்னைக் கேட்டால் அந்தத் தேவாலய முற்றத்துக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். செம்மணற்கல் நடுகற்களில் சிறகு முளைத்த முகங்களைச் செதுக்கியிருப்பார்கள். சிலவற்றில் எழுத்து டச்சு மொழியில் இருக்கும். அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் 1820இல் வெளியிட்ட அந்தக் குதிரைவீரன் கதையில், பீரங்கிக் குண்டில் தலையை இழந்த ஹெஸ்ஸியன் வீரனை (பிரிட்டிஷாருக்காகப் போரிட்ட ஜெர்மன் சிப்பாய்)ப் புதைத்ததாகச் சொல்வது இங்கேதான். இர்விங்கின் கல்லறையும் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்து மேட்டில் இருக்கிறது. ஏற்றம் என்பதால் அம்மாவைக் கீழேயே உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஏறிப் பாருங்கள்.

கதையில் வரும் மரப்பாலத்தைத் தேட வேண்டாம், அது இப்போது இல்லை. இலைகள் நன்றாக நிறம் மாறியிருக்க வேண்டுமென்றால் அக்டோபர் கடைசி வாரம் சரியாக இருக்கும். கல்லறைத் தோட்டத்தில் இரவில் லாந்தர் விளக்கோடு நடக்கும் சுற்றுலாவுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வேண்டும். இருட்டில் மேடு பள்ளம் என்பதால் அம்மாவோடு அது வேண்டாம்.