லோயர் சர்க்யூட்டில் மாட்டிய பேக்கேஜிங் பங்கை விற்க முடியவில்லை

பேக்கேஜிங் நிறுவனப் பங்கு விற்கவில்லையே, ஆர்டரில் ஏதும் தப்பா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் ஆர்டரில் பிழை இல்லை. நான்கு நாளாக விற்காததற்குக் காரணம், லோயர் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் விலை இறங்கக்கூடிய கீழ்வரம்பில், வாங்க ஆளே இல்லை. வாங்குவோர் பக்கம் பூஜ்யம் என்று இருக்கும், பாருங்கள்.

அநேகமாக வதந்தியில் ஏறிய விலை. 'மக்கும் உறைக்குப் பெரிய ஆர்டர்' என்ற வாட்ஸ்அப் செய்தியைக் கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் எனக்கும் காட்டினார்கள். பிஎஸ்இ (மும்பை பங்குச்சந்தை) தளத்தில் நிறுவன அறிவிப்புகளைத் தேடுங்கள். முக்கியமான ஆர்டரைப் பங்குச்சந்தைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி.

அங்கே இல்லையென்றால் வெளியேறுங்கள். காலை 9 மணிக்கே அன்றைய கீழ்வரம்பு விலையில் லிமிட் ஆர்டர் (விலையை நீங்களே குறிப்பிடும் ஆர்டர்) போடுங்கள். ஒரே விலையில் முந்தியவருக்கே முன்னுரிமை; 10 மணிக்குப் போட்டால் வரிசையின் வாலில் நிற்பீர்கள்.

அப்படியும் விற்கும் என்ற உறுதியில்லை. கீழ்வரம்பு நாளுக்கு 5% என்றால் நான்கு நாளில் 18.5% போய்விடும். வாங்கிய விலையின் சராசரியைக் குறைக்கிறேன் என்று நகையை அடகு வைத்து மேலும் வாங்கிவிடாதீர்கள், தயவுசெய்து.